எங்கள் வீட்டில் பெரட்டு கிடையாது

போன வருஷம் தீபாவளிப் பலகாரம் தீர்ந்திருந்த சமயம். ஈப்போ புந்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் என் ஆபீஸ். அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகு, வாரம் மூன்று நாள் காலையில் அவரை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் குமாஸ்தாவாக இருந்த கடையில் அத்தனை நாள் லீவு தரமாட்டார்கள். வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் வேலைக்கு ஆள் பிடிக்கும் ஒரு தளத்தில் பெயரைப் பதிந்தேன். மலாய் நாடகங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதும் வேலை. ஒரு மாதம் வேலை வரும், அடுத்த மாதம் ஒன்றும் வராது. மறுபடி கடைக்கே போக வேண்டியதுதானா, போனால் அப்பாவை யார் பார்ப்பது என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் ஒரு வெளிநாட்டு நிறுவனம் ஆறு மாதத்துக்குத் தொடர்ச்சியாக வேலை தருவதாக எழுதியது. வீடியோவில் பேசியவர் தமிழ்நாட்டுப் பெண், என் வயதுதான் இருக்கும். வேலையைப் பற்றி நன்றாகவே விளக்கினார். கடைசியில், போகிற போக்கில் ஒரு நிபந்தனை சொன்னார். திங்கள் முதல் சனி வரை காலை ஏழரைக்குக் கேமராவில் முகம் காட்ட வேண்டும். அதிலிருந்து மதியம் வரை கேமரா ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என் முகத்தையும் கம்ப்யூட்டர் திரையையும் அதுவே படம் எடுத்துக்கொள்ளும்.

அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிற நேரமே அதுதான். அந்த நேரம் பார்த்து அப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "சரி லா" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

எங்கள் ஊரில் போனை வைக்குமுன் எல்லாரும் சொல்வது அது. சண்டை போட்டாலும் கடைசியில் "சரி லா" என்றுதான் வைப்போம். பேச்சு முடிந்தது, அவ்வளவுதான் அர்த்தம். தமிழ்நாட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியும்? மறுநாள் ஒப்பந்தம் வந்தது. ஏழாவது நிபந்தனையாகக் கேமரா. "பேச்சில் ஒப்புக்கொண்டபடி" என்று வேறு எழுதியிருந்தது. கீழே "ஏற்கிறேன்" என்று ஒரு பச்சைப் பட்டன்.

என் வாயை நானே திட்டிக்கொண்டேன். ஏழாவதை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று பணிவாக எழுதிக் கேட்டேன். எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், நீங்களும் அன்றைக்குச் சரி என்றீர்கள், நாளை மாலைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று பதில் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகுதான் நாங்கள் ஈப்போ வந்தோம். கீரை ஆய்ந்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"அட, பெரட்டுதானே," என்றார்.

எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்குப் பெரட்டு என்றால் தெரியும். விடிவதற்கு முன்பே ஆட்களை வரிசையாக நிறுத்தி, எஸ்டேட் கணக்கர் கிராணி பேர் கூப்பிடுவார். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை.

"நான் இருவத்தஞ்சு வருசம் பெரட்டுல நின்னேன். செத்தா போய்ட்டேன்? நீயும் நின்னுட்டு போ லா. அப்பாவ நான் டெக்சில கூட்டிட்டு போறேன்."

அம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் அம்மாமேல் இல்லை. காய்ச்சலோடு மழையில் போய் நின்றவர், அதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்ற கோபம். மூன்று தெரு தாண்டினால் வழி தெரியாத அம்மா அப்பாவை டெக்சியில் ஏற்றிக்கொண்டு அலைய வேண்டும், நான் கேமரா முன்னால் ஆஜர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்படியொரு வேலை எனக்கு எதற்கு? வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன்.

மறுநாள் மதியம் நானே அந்தப் பெண்ணை அழைத்தேன். முதலில் என் தப்பைச் சொன்னேன். "சரி லா" என்றால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று விளக்கியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஏழாவது நிபந்தனை கம்பெனி முடிவு, யாருக்கும் மாற்றியதில்லை என்றார்.

நான் விடவில்லை. ஒவ்வொரு வியாழனும் வேலை உங்கள் கைக்கு வரும், ஒரு தடவை தவறினாலும் ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்யலாம், அதை வேண்டுமானால் ஏழாவதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற அளவுக்கு என் முகத்தில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னேன். அவர் தயங்கினார். பெரட்டைப் பற்றிச் சொன்னேன். அம்மா சொன்னதையும் சொன்னேன்.

"எங்கம்மா நின்னது போதும் மேடம். நான் நிக்கமாட்டேன். என் வேலையப் பாருங்க, என் மூஞ்சியப் பாக்க வேணாம்."

 

 அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எனக்கும் அந்தக் கேமரா ஓடிக்கிட்டுதாங்க இருக்கு. இப்பவும்."

அவர்மேல் அதுவரை இருந்த எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. மேலே பேசிப் பார்க்கிறேன் என்றார். "சரி லா" என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "இன்னும் சரின்னு சொல்லல மேடம், வைக்கிறேன்" என்றேன். இருவருமே சிரித்துவிட்டோம்.

இரண்டு நாள் கழித்துப் புது ஒப்பந்தம் வந்தது. கேமரா இல்லை. ஏழாவதில் என் வியாழக்கிழமை இருந்தது. ஆறு மாதத்தை மூன்றாகக் குறைத்திருந்தார்கள். திமிருக்குக் கூலி என்று நினைத்துக்கொண்டு பச்சைப் பட்டனை அழுத்தினேன். அதே ஒப்பந்தத்தை இதுவரை இரண்டு முறை நீட்டித்துவிட்டார்கள். ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. அந்தப் பெண்ணின் கேமராவை நிறுத்தினார்களா என்று மட்டும் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

போன மாதம் அம்மாவோடு பசாருக்குப் போயிருந்தேன். மீன் வாங்குமிடத்தில் பழைய எஸ்டேட்காரர் ஒருவர், உங்கள் மகள் இப்போது என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். சப்டைட்டில் என்பதெல்லாம் அம்மா வாயில் நுழையாது. என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"என்னமோ கம்ப்யூட்டர் வேலை. ஆனா அவளுக்குப் பெரட்டு கிடையாது லா."

எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டி எழுதியிருக்கிறார்கள். ஆனால் இனி எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போனாலும், மீன் கடை முன்னால் அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்ன அந்த ஒரு வரிதான் எனக்கு முதல் நிபந்தனையாக வந்து நிற்கும்.