நான் நீக்கச் சொன்ன காட்சிகள்

நான் செய்த பிழைக்கு என் மாணவி ஒருவர் பழியேற்றார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வாய் திறக்கவில்லை.

இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பத்திரிகைப் பத்தியின் நடுவில் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சுற்றி வளைத்து, கொஞ்சம் சிரிக்க வைத்து, கடைசியில் நானே நல்லவனாகி விடுவேன். எழுதிப் பழகிய கைக்கு அந்த வித்தை வரும்.

போன ஞாயிறு காலை கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே, காலி நகருக்குப் போகும் காலி வீதியைத் தடியூன்றியபடி திரும்பத் திரும்பக் கடந்தேன். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்... அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம். மரக்கறிக் கடைக்காரர் கடைசியில் பொறுக்க முடியாமல், "ஐயா, எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கிழவனுக்கு மறதி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். மறதி இல்லை. மறக்க முடியாததால்தான் கடந்துகொண்டிருந்தேன்.

அது எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

உங்களில் பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். இந்தப் பத்தியில் எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்! பஸ் சாரதிகளை, நடைபாதையை மறித்துக் கடை போடுபவர்களை, மஞ்சள் கோட்டுக் கடவை இருக்க நடுவீதியில் கடப்பவர்களை... என்னை மட்டும் விட்டுவிட்டேன்.

நிரோஷா கொட்டாஞ்சேனைப் பிள்ளை. என்னிடம் பட்டப்பின் படிப்புக்கு வந்தவர். சாரதி இல்லாமல் தானே ஓடும் வாகனங்கள், நுண்ணறிவுப் போக்குவரத்து என்று எங்கள் துறையில் அப்போது புதிதாக நுழைந்திருந்த பாடம். உண்மையைச் சொன்னால் எனக்கே அதில் பாதிதான் தெரியும். மீதியை மாணவர்களோடு சேர்ந்து படித்தேன். படிப்பிப்பது போலக் காட்டிக்கொண்டேன்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. வெளிநாட்டு வீதிகளில் பழக்கிய வாகனம் கொழும்புக்கு வந்தால் என்ன செய்யும்?

நாம் எப்படி வீதியைக் கடக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். சமிக்ஞை விளக்குக்காகக் காத்திருப்பது குறைவு. ஒரு கையை நீட்டி, உள்ளங்கையை வருகிற வாகனத்துக்குக் காட்டி, இறங்கிவிடுகிறோம். அந்தக் கை கெஞ்சுகிறதா, கட்டளையிடுகிறதா? இரண்டும்தான். சாரதியும் ஏசிக்கொண்டே நிறுத்துகிறார். பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கும் கொண்டக்டர் கையை ஆட்டினால் பின்னால் வருபவர் வழிவிடுகிறார். முச்சக்கர வண்டிக்காரர் சும்மா விரலை நீட்டுவார். அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. இந்தக் கைகளை வாசிக்க ஒரு கணினியைப் பழக்க முடியுமா? இதுதான் அவருடைய ஆய்வு.

அண்ணனின் முச்சக்கர வண்டியில் கமரா பூட்டி, கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை மாதக்கணக்கில் படம் எடுத்தார். காட்சிகள் குவிந்தன. கணினியும் படித்தது. ஆனால் கை தூக்கிக் கடப்பவர்கள் வந்த இடங்களில் அது திணறியது. நிற்பவரா, இறங்கப் போகிறவரா என்று அதற்குப் பிடிபடவில்லை. முடிவுகள் அழகாக இல்லை.

எனக்கோ ஒரு சர்வதேச மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் அவசரம்.

"அந்தக் காட்சிகளைப் பரிசோதனையிலயிருந்து எடுத்துவிடும்" என்றேன்.

"சேர், அதத்தானே நான் ஆராயிறேன்?"

"அது ஒழுங்கில்லாத ஆக்கள் செய்யிற வேலை பிள்ளை. விஞ்ஞானத்தில அதைக் குப்பை எண்டுதான் சொல்றது. முதல்ல கட்டுரை வரட்டும். பிறகு பாப்பம்."

"எங்கட ரோட்டுல எல்லாரும் அப்படித்தான் சேர் போறாங்க. எங்கம்மாவும்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நீக்கினார். எண்கள் அழகாகின. கட்டுரை வந்தது. முதல் பெயர் என்னுடையது. அந்தப் 'பிறகு' மட்டும் வரவேயில்லை. ஆய்வேடும் அதே எண்களோடு போனது.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பரீட்சகர் வந்திருந்தார். கவனமான மனிதர். எடுத்த படங்களின் அளவுக்கும் பரிசோதித்த படங்களின் அளவுக்கும் இடையில் பெரிய ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "கை காட்டிக் கடப்பவர்களைப் பற்றிய ஆய்வில் கை காட்டிக் கடப்பவர்கள் எங்கே?" என்று ஆங்கிலத்தில், மிக மெதுவாகக் கேட்டார். "இவர்களை நீக்கும் முடிவு யாருடையது?"

நிரோஷா என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான்.

நான் அப்போது தேநீரில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தேன். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்துவிட்டது. கரண்டியால் அதை வெளியே எடுப்பதில் மும்முரமானேன். இன்றைக்கும் அந்தக் கரண்டியின் சத்தம் எனக்குக் கேட்கும்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. பிறர் முன்னால் ஒரு மாணவர் தன் மேற்பார்வையாளரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். 'சேர்தான் சொன்னவர்' என்ற இரண்டு சொற்கள் அந்த அறையில் எவர் வாயிலும் வராது. நானாகப் பேசினால்தான் உண்டு. அது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

"என்னுடைய முடிவுதான்" என்றார் நிரோஷா.

முடிவுக்கு ஏற்றாற்போல் தரவுகளைப் பொறுக்கியதாக அறிக்கை எழுதப்பட்டது. முதுமாணிப் பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு மேல் கலாநிதிப் படிப்புக்கு வெளிநாட்டில் கிடைக்கவிருந்த இடம், அந்த அறிக்கையோடு போய்விட்டது. நான்? புதிய பட்டப்பின் படிப்பைத் திட்டமிடும் குழுவுக்குத் தலைவனானேன். மாலை போட்டார்கள்.

பிறகு வருடங்கள் ஓடின. மனச்சாட்சி குத்திக்கொண்டே இருந்தது என்று எழுத ஆசைதான். பொய். பெரும்பாலும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது என் மருமகனின் புதுக் கார்.

சுரேன் வங்கியில் வேலை செய்கிறார். தானே பிரேக் போடும், தானே கோட்டுக்குள் ஓடும் மின்சாரக் கார் ஒன்று வாங்கினார். கொட்டாஞ்சேனையில் ஒரு கல்யாண வீட்டுக்கு அதில்தான் போனோம்.

"மாமா, இப்ப பாருங்கோ" என்று ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார்.

"கையை வையுங்கோ தம்பி. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் பென்ஷன் எடுக்க ஆசை."

பின் சீட்டிலிருந்து என் மகள், "அப்பா, இவருக்கு என்னைக் கட்டினதைவிட இந்தக் காரை எடுத்ததுதான் பெரிய புளுகம், சந்தோசம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

சிரிப்பு இன்னும் ஓயவில்லை. தேவாலயப் பக்கம் திரும்பும் இடத்தில் ஒரு தாய், ஒரு கையில் வெள்ளைச் சட்டை போட்ட சின்னப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை எங்கள் பக்கம் நீட்டியபடி இறங்கினார். கார் வேகத்தைக் குறைக்கவில்லை. சுரேன் கத்திக்கொண்டு பிரேக்கை மிதித்தார். பிள்ளையின் நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளிக் கார் நின்றது.

அந்தப் பெண் உள்ளங்கையால் பொனட்டில் அடித்தார். "கண்ணு தெரியலயா? கையக் காட்டினேன்தானே!"

சுரேனின் முகம் வெளுத்துவிட்டது. "கையைக் காட்டினவ மாமா... இதுக்கு விளங்கேல்லை."

"விளங்காது" என்றேன்.

அந்தக் காருக்கும் எங்கள் ஆய்வுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதை எங்கோ யாரோ பழக்கியிருப்பார்கள். ஆனால் அதைப் பழக்கியவர்களின் மேசையிலும் என்னைப் போல் ஒருவன் இருந்திருப்பானோ? 'ஒழுங்கில்லாத ஆக்கள், எடுத்துவிடும்' என்று சொல்லியிருப்பானோ? கல்யாண வீட்டில் இலையில் போட்டது போட்டபடி கிடந்தது.

அடுத்த வாரமே நிரோஷாவின் வீட்டைத் தேடிப் போனேன். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேல் மாடி. உயர்தரப் பரீட்சை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடியும் வரை படியில் நின்றேன். பிள்ளைகள் இறங்கிப் போன பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"வாங்க சேர். இருங்க" என்றார். ஆச்சரியமும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"பிள்ளை, நான் அண்டைக்குக் கதைச்சிருக்க வேணும்."

"ஓம் சேர். கதைச்சிருக்கணும்."

ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் போய்விட்டது. "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்றேன்.

அவர் கரும்பலகையை அழித்தபடி சொன்னார்: "இப்ப நான் மன்னிச்சா உங்களுக்கு நித்திர வரும். எனக்கு என்ன சேர் வரும்?"

"பல்கலைக்கழகத்துக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுக்கிறன்."

"எழுத வேணாம். அன்னைக்கு என்ன எழுத்துலயா கேட்டாங்க? ஆக்கள் இருக்கக்குள்ள கேட்டாங்க. நீங்களும் ஆக்கள் இருக்கக்குள்ள சொல்லுங்க."

தேநீர் தரவில்லை. சரிதான். தந்திருந்தால் எப்படிக் குடித்திருப்பேன்?

நான் திட்டமிட்ட அந்தப் பட்டப்பின் படிப்பின் புதிய அணிக்குத் தொடக்க உரை ஆற்ற என்னை அழைத்திருந்தார்கள். பழைய சகாக்கள் முன்வரிசையில். அன்று வாய்மொழித் தேர்வு அறையில் இருந்தவர்களில் இருவரும் அங்கே இருந்தார்கள். நிரோஷாவுக்கும் சொல்லியிருந்தேன். பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

தயாரித்த உரையை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். காட்சிகளை நீக்கச் சொன்னது நான் என்றேன். கேட்டபோது ஒளிந்துகொண்டதும் நான் என்றேன். பிஸ்கட்டைப் பற்றியும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கை தட்டவும் இல்லை. நிமிர்ந்து பார்த்தபோது பின்வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

வெளியே வந்தபோது ஒரு சகா என் முழங்கையைப் பிடித்தார். "இந்த வயசில உமக்கு இது தேவையா? ஆருக்கு லாபம்?"

"லாபத்தைப் பாத்துத்தான் அண்டைக்குப் பேசாமல் இருந்தனான்" என்றேன்.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. கட்டுரையைத் திரும்பப் பெறும்படி நானே கேட்டேன். பெற்றுக்கொண்டார்கள். குழுக்களிலிருந்து என் பெயர் சத்தமில்லாமல் கழன்றது. மாலையில் கடற்கரையோரம் என்னோடு நடந்த நண்பர்கள் இப்போது வேறு நேரத்தில் நடக்கிறார்கள். பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு என்னைப் பல தடவை கூப்பிட்டது. நான் நிறுத்திவிடலாமா என்று யோசித்த நாட்களும் உண்டு.

கடைசியில், நீக்கிய காட்சிகளைத் திரும்பச் சேர்த்து, வேறொரு மேற்பார்வையாளரின் கீழ் ஆய்வேட்டை மீண்டும் சமர்ப்பிக்க நிரோஷாவுக்கு அனுமதி கிடைத்தது. சேர்த்தார். எண்கள் விழுந்தன. கணினி எங்கெங்கே தோற்கிறது, ஏன் தோற்கிறது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதினார். பரீட்சகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் பாராட்டினார்களாம்.

பட்டம் கிடைத்தது. வெளிநாட்டு இடம் திரும்பி வரவில்லை. வரவும் வராது. இங்கேயே கலாநிதி ஆய்வைத் தொடங்கியிருக்கிறார், பின்னேரங்களில் கணித வகுப்பும் எடுத்துக்கொண்டு. நான் எடுத்த வருடங்களை எந்தக் குழுவாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

நூலகத்தில் அந்த ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நன்றியுரையில் அம்மா இருக்கிறார். அண்ணன் இருக்கிறார். முச்சக்கர வண்டி கூட இருக்கிறது. நான் இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இரண்டாம் முறையும் தேடிப் பார்த்தேன்.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன வாரம்தான் தொலைபேசி அடித்தது.

"சேர், தடி ஊன்றிக்கொண்டு போற வயசானவங்க கை காட்டிக் கடக்கிற காட்சி எங்ககிட்ட கொஞ்சம்தான் இருக்கு, காணாது. நீங்க வெள்ளவத்தைலதானே?"

"ஓம்."

"ஞாயித்துக்கிழமை காலைல நேரம் இருக்குமா?"

இருக்கிறதா என்றா கேட்கிறீர்கள்? எனக்கு நேரத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது!

அப்படித்தான் போன ஞாயிறு காலி வீதியைக் கடந்தேன். ஓரமாக நிறுத்தியிருந்த முச்சக்கர வண்டியில் கமரா. அண்ணன் என்னோடு ஒரு வார்த்தை கூடப் பேசவில்லை. நிரோஷா மடிக்கணினியை மடியில் வைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை எனக்கும் காட்டினார். என்னைச் சுற்றி ஒரு பச்சைச் சதுரம். அதற்கு மேல் 'பாதசாரி' என்ற அர்த்தத்தில் ஒரு சொல். பேராசிரியர் என்று இல்லை.

மன்னித்துவிட்டாரா? தெரியாது. கேட்கவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

அடுத்த தடவை கடந்து வந்ததும் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "இது சரிவரல்ல சேர். கையத் தூக்க லேட் ஆகிட்டீங்க. திரும்பப் போங்க."

திரும்பப் போனேன்... இந்தமுறை, வீதியில் இறங்கும் முன்பே கையைத் தூக்கிக்கொண்டு.