என் மூட்டையில் சிக்கந்தர் பாயின் படம்

சிக்கந்தர் பாய் இறந்த செய்தியை எங்களுக்கு அனுப்பியது சிக்கந்தர் பாயின் எண்தான். காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தேன். பஜார் ரோடு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுவில், அவர் படத்துடன், அவர் எண்ணிலிருந்து, "சிக்கந்தர் காலமானார், அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்று வந்து விழுந்தது. அனுப்பியவள் அவர் மகள் ஷப்னா. குழுவில் எல்லோருடைய எண்ணும் வாப்பாவின் போனில்தானே இருக்கிறது, பாவம், அதிலிருந்தே அனுப்பிவிட்டாள். ஆனால் எங்களில் ஒருவரும் நம்பவில்லை. நோயோடு வீட்டில் கிடந்தபோதும் வாரத்துக்கு ஒருமுறையாவது அவர் அந்தக் குழுவில் எதையாவது சோதனை செய்துகொண்டிருப்பார். தானாகப் பதில் சொல்லும் மெசேஜ், தானாக விலை சொல்லும் மெசேஜ் என்று அவர் போட்ட குப்பைக்கு அளவில்லை. அதனால் இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள். நான் "பாய், விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா" என்று எழுதினேன். பிறகு வாசலுக்கு வந்து பார்த்தால், அவர் வராத நாளிலும் ஆட்கள் திறந்துவிடும் எதிர்க்கடை பூட்டியிருந்தது.

கடைசியாக அவரிடம் நான் சொன்னது அதுதான். அவருக்குப் போய்ச் சேராத திட்டு. இதற்கும் அவர்தான் காரணம் என்று எழுதினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மட்டாஞ்சேரித் தமிழ்ச் சங்க மலருக்கு அவரைப் பற்றி எழுத என்னைத்தான் கேட்டார்கள். எதிர்க்கடைக்காரிக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை. எனக்குத் தெரிந்ததெல்லாம் எரிச்சல்தான். அவர் மிளகும் ஏலமும் விற்றார். நான் சுக்கும் மஞ்சளும், கிடைத்தால் மிளகும். ஆக, போட்டிதான். போடியிலிருந்து வந்து இங்கே கடை போட்ட என் அப்பாவுக்குப் பிறகு நான் கல்லாவில் உட்கார்ந்தபோது, இந்தத் தெருவில் பெண் வியாபாரி வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். இவர் மட்டும் நேராகக் கடைக்குள் வந்து, "தங்கச்சி, ஒரு சாயா சொல்லு. உன்னைத் தோக்கடிக்க ஒரு சாதனம் வாங்கியிருக்கேன், காட்டறேன்" என்றார்.

அன்று அவர் வாங்கியிருந்தது ஒரு பெரிய திரை. மிளகு விலை ஓடிக்கொண்டே இருக்கும். அதை அவர் கடைக்குள் வைத்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்? தெருவைப் பார்த்து, அதாவது என் கடையைப் பார்த்து மாட்டினார். இடுக்கியிலிருந்து சரக்கு கொண்டு வருகிறவர்கள் என் வாசலில் நின்றுகொண்டு அவர் திரையைப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு அவரிடம் போய் விற்பார்கள். அதுவரை இந்தத் தெருவில் விலை என்பது கல்லாவில் இருப்பவனின் வாயில் இருந்தது. அதைத் தெருவில் தொங்கவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வது என்று சண்டைக்குப் போனேன். அவர் சிரித்தார். "நீயும் பாக்கலாமே, ஃப்ரீதானே? விலையை மறைச்சு வச்சா ஒரு லோடு கிடைக்கும் தங்கச்சி. காட்டினா அவன் அடுத்த தடவையும் நம்மகிட்டதான் வருவான்" என்று சொல்லிவிட்டு, அந்தத் திரை எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதையும் எனக்கே சொன்னார். ஒரு மாதத்தில் நானும் மாட்டினேன். இது என்ன வியாபாரம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஒரு வித்தையைக் கண்டுபிடித்தால் கமுக்கமாக வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டாமா? அவருக்குத் தெரியாது. எதிரில் இருப்பவள் வாயைப் பிளந்து பார்த்தால்தான் அவருக்கு வாங்கியதன் திருப்தி.

எல்லாம் பலித்தது என்று நினைக்காதீர்கள். சுமை தூக்கும் தொழிலாளர்களுக்கு விரல் ரேகை வைக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினார். மூட்டை பிடித்தே தேய்ந்த விரல்கள், போதாததற்கு மஞ்சள் பொடி வேறு. அந்த இயந்திரம் ஒருவரையும் அடையாளம் காணவில்லை. கடை நிறைய ஆள் வேலை செய்துகொண்டிருக்க, கணினி அத்தனை பேரும் வரவில்லை என்றது. அவர்கள் சங்கத் தலைவர் பாஸ்கரன் சேட்டன் வந்து, "பாயீ, ஞங்ஙளொக்கெ பின்னெ ஆரா?" என்று கேட்டார். அப்படியானால் நாங்களெல்லாம் யார் என்று அர்த்தம். அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்துத் தப்பித்தார். எனக்கும் ஒரு பொட்டலம் வந்தது. அந்த இயந்திரத்தை எனக்கு விற்கவும் பார்த்தார்.

இனி அந்த ஸ்டிக்கர் விவகாரத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லோரும் அவர் வாயால் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு கல்யாணப் பந்தியிலும் அவர் சொன்ன கதையில் நான் கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்ட பட்டிக்காட்டுப் பெண்ணாக வருவேன். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தேன், உண்மைதான். விசைப்பலகைக்குள் குங்குமம் கொட்டியது என்பது பொய். நடந்ததை ஒருமுறையாவது என் வாயால் கேளுங்கள்.

ஷப்னா காக்கநாட்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாப்பாவுக்காக ஒன்றைச் செய்து கொடுத்தாள். மூட்டையின் வாயில் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் போன் கேமராவில் காட்டினால் அந்தச் சரக்கு எந்த மலையில் விளைந்தது, யார் உலர்த்தினார், எப்போது இங்கே வந்தது என்று எல்லாம் தெரியும். கூடவே பாயின் பெயர், பல் தெரியச் சிரிக்கும் ஒரு படம். ஸ்டிக்கரின் அடியில் அவருடைய போன் எண்ணை அச்சடித்திருந்தார். "மூட்டைக்கு ஆதார் கார்டா?" என்று கேட்டுச் சிரித்தேன். அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெருவில் கைமாற்று என்று ஒரு வழக்கம் உண்டு. பணத்தில் மட்டுமல்ல, சரக்கிலும். கப்பலுக்கு மூட்டை குறைந்தால் பக்கத்துக் கடையிலிருந்து எடுத்துக்கொள்வோம். நம் சரக்கு வந்ததும் அதே தரத்தில் திருப்பிக் கொடுப்போம். வாங்குகிறவருக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அந்த வருடம் ஜெர்மனிக்குப் போக வேண்டிய என் சுமையில் மிளகு குறைந்தது. பாயின் குடோனிலிருந்து எடுத்தோம். என் மேஸ்திரி மூட்டைகளில் என் கடை முத்திரையை அடித்தார், லாரியில் ஏற்றினார், முடிந்தது. ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. காலங்காலமாகக் கைமாற்றும் மூட்டை வாய் திறந்து பேசியதில்லையே.

இது பேசிவிட்டது. ஜெர்மனியில் என் சரக்கைப் பிரித்தவர் ஸ்டிக்கரைப் போனில் காட்டியிருக்கிறார். என் மூட்டையிலிருந்து சிக்கந்தர் பாய் பல்லைக் காட்டிச் சிரித்திருக்கிறார்.

அந்த ஜெர்மனிக்காரர்தான் என் கடை. என் சுக்கில் பெரும்பகுதி அவருக்குத்தான் போகும். அவர் கைவிட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போடிக்குத் திரும்ப வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், எதிர்க்கடைக்கும் தெரியும். ஜெர்மனிக்காரர் எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. நேராகப் பாய்க்கு எழுதினார். உங்களிடம் இத்தனை விவரம் இருக்கிறது, சுக்கும் சேர்த்து இனி உங்களிடமே வாங்கிக்கொள்கிறோம் என்று.

பாய் அந்த மெயிலைப் போனில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். வழக்கம்போல "ஒரு சாயா சொல்லு" என்றார். படித்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தால் முதலில் கோபம்தான் வரும். "உங்களுக்கு வந்தது, உங்க இஷ்டம்" என்றேன்.

"பதில் போட்டாச்சு தங்கச்சி."

"என்னன்னு?"

"ரெண்டு கடைக்கும் கணக்கு ஒரே சிஸ்டம்தான், மிளகு நான், சுக்கு எதிர்க்கடை மேடம்னு. அடுத்த லோடுல மேடம் மூட்டையிலயும் ஸ்டிக்கர் இருக்கும்னு."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவே. அதான் கேக்கல. சாரமில்ல, பரவாயில்ல, டென்ஷன் அடிக்காதே."

ஒரு மனிதர் நம் பிழைப்பைக் காப்பாற்றுகிறார், அதே நேரத்தில் அவர் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்ட வேண்டும் போலவும் இருக்கிறது. அந்த நிலையில் என்ன செய்வது என்று யாராவது சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும். ஜெர்மனியிலிருந்து மறுபடி மெயில் வந்தது. மிக்க மகிழ்ச்சி, நேரில் வந்து பார்க்கிறோம் என்று. பாய் சொன்ன பொய்யை அவர்கள் வருவதற்குள் உண்மையாக்க வேண்டும்.

ஷப்னா லீவு போட்டுவிட்டு என் கடையில் வந்து உட்கார்ந்தாள். கணினியில் ஏற்றுவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை. ஏற்றுவதற்கு விவரம் வேண்டுமே, அதுதான் பாடு. என் சுக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று எனக்கே முழுதாகத் தெரியாது. தரகர் வர்கீஸ் கொண்டு வருவார், நான் வாங்குவேன். ஊரைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது. "ஸ்தலம் சொன்னா நீங்க நேரா போய் வாங்கிப்பீங்க. அப்புறம் எனக்கு என்ன வேலை?" அவர் சொல்வதும் நியாயம்தான். அவர் தொழிலே அந்த ரகசியம்தான். அப்போது பாய், "வர்கீஸ் சேட்டா, உங்க பேரும் ஸ்டிக்கர்ல வரும். இந்தச் சரக்கைத் தேடிக் கண்டுபிடிச்சது வர்கீஸ்னு ஜெர்மன்காரன் படிப்பான்" என்றார். வர்கீஸ், படமும் வருமா என்று கேட்டார்.

ஜெர்மனிக்காரர்கள் வந்தார்கள், ஒவ்வொரு மூட்டையாகப் போனில் காட்டிப் பார்த்தார்கள், என்னிடமே தொடர்ந்து வாங்கினார்கள். இன்றும் வாங்குகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் வேறு சிலரும், இதைவிடப் பெரிய மென்பொருளாக, இதைவிடப் பெரிய கம்பெனிகளிடமிருந்து வாங்கிப் போட்டார்கள். ஒரு சீசன் தாண்டவில்லை. மாலையில் களைத்துப்போன நேரத்தில் உட்கார்ந்து விவரத்தை ஏற்ற எவருக்கும் பொறுமை இல்லை. பழைய விவரத்தையே திரும்பத் திரும்ப ஒட்டிவிட்டார்கள். எனக்கு மட்டும் பொறுமை இருந்ததா என்ன? கடை சாத்தும் நேரத்தில் எதிர்க்கடையிலிருந்து, "தங்கச்சி, இன்னிக்கு போட்டாச்சா?" என்று தெருவே கேட்கக் கத்துவார். மானம் போகிறதே என்று போடுவேன். "சாதனத்தை எவனும் வாங்கலாம். தினம் உட்கார்ந்து அதுக்குள்ள உண்மையைப் போடறவன்தான் ஜெயிப்பான்" என்பது அவர் பேச்சு. தேவராக் கல்லூரியில் வணிக மேலாண்மை படிக்கும் பிள்ளைகள் வந்து அவரிடம் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் பெருமையில் அன்று முழுக்க அவரோடு பேச முடியவில்லை.

ஏன் அந்த ஜெர்மனிக்காரரை நீங்களே எடுத்துக்கொள்ளவில்லை என்று பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில். சுக்குத் தூசி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்றார். கைமாற்றுச் சரக்கால் வந்த ஆர்டர் நிலைக்காது என்றார். நோய் முற்றி, கடைக்கு வருவதே குறைந்த பிறகு ஒருநாள், பள்ளுருத்தியில் அவர் வீட்டில் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "எதிர்க்கடையைச் சாத்திட்டா, புதுசா ஒண்ணு வாங்கினா நான் யார்கிட்ட போய்க் காட்டறது?" அவரோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. அவர் மனைவி கொண்டு வந்த சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். என் மூட்டைகளின் ஸ்டிக்கரிலும் அச்சாகியிருப்பது அவருடைய எண்தான். மாற்றித் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தேன், "அப்புறம், அப்புறம்" என்றே காலத்தை ஓட்டினார். அந்த ஸ்டிக்கர்கள் உலகத்தில் எந்தெந்தக் கிடங்கிலோ இருக்கின்றன. எண்ணை நிறுத்த வழியில்லை. நாற்பதாம் நாள் கழிந்ததும் ஷப்னா வந்து அந்தப் போனை என் மேசையில் வைத்தாள். "ஆன்ட்டி, இது அடிக்கிறப்பல்லாம் உம்மா அழறாங்க. நீங்க வச்சுக்கோங்க" என்றாள். கடையை அவள்தான் நடத்தப்போகிறாள், வாரத்தில் பாதி நாள் வந்து உட்காருகிறாள்.

ஆக, அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தப் போன். அவருடைய வியாபாரம் முழுவதும் இப்போது என் காதில்தான் வந்து விழுகிறது. மிளகு கேட்டு ஜித்தாவிலிருந்து கூப்பிடுகிறார்கள். நினைத்தால் அப்படியே என் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், கேட்பார் இல்லை. குறித்து வைத்து ஷப்னாவிடம் கொடுத்துவிடுகிறேன். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் என்னை அவருடைய உதவியாளர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆயுள் முழுக்க அவரோடு போட்டி போட்டவளுக்குக் கிடைத்த உத்தியோகத்தைப் பாருங்கள். முதலில் ஒவ்வொருவரிடமும் அவர் இறந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வருத்தம் தெரிவிப்பார்கள், நான் நன்றி சொல்ல வேண்டும், அப்புறம்தான் மிளகு.

போன வாரம் யாரோ ஒருவர், அவரை முன்பின் பார்த்திராதவர், எங்கிருந்தோ கூப்பிட்டார். சிக்கந்தரின் ஆபீஸ்தானே, அவர் இருக்கிறாரா என்று கேட்டார். எதிர்க்கடையைப் பார்த்தேன்.

"இப்போது கடையில் இல்லை. என்னிடம் சொல்லுங்கள்" என்றேன்.