பல்லை நான் உடைக்கவில்லை

போன மாதம் கள்ளிக்குப்பத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர், என் வயதுதான், தன் பேரனிடம் என்னைக் காட்டி, "யாருன்னு தெரிதா? கோயில் பூதத்துக்குப் பல்லை ஒடைச்சவரு" என்றார். எனக்கு எழுபத்தொரு வயது. தினம் நான்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இன்னும் எத்தனை பந்தியில் இதைக் கேட்பது? ஒரு பல்லைக்கூட நான் உடைக்கவில்லை.

எங்கள் அம்மன் கோயில் வாசலில் இரண்டு காவல் பூதங்கள் நின்றன. தூண்கள் கருங்கல், பூதங்கள் சுண்ணாம்புச் சுதை. ஆளுக்குப் பதினாறு பல். வலது பூதம் கூரைக்கு அடியில் இருந்தது. இடது பூதத்தின் கூரை எப்போதோ பெயர்ந்துவிட, வர்ணம் உதிர்ந்து வெறும் சுதையாக வெயிலிலும் மழையிலும் நின்றது. ஏழு வயதிலிருந்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் பீடத்தில் ஏறி, இரண்டின் வாயிலும் விரலை விட்டு எண்ணிவிட்டுத்தான் போவேன். ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. படிக்கட்டு, பஸ் ஜன்னல், சோற்றில் கல், எல்லாவற்றையும் எண்ணுகிற பிள்ளை நான்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை. அதன் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடுவது அப்பாவின் வேலை. மழை அந்தப் புகையைக் கரைத்துக்கொண்டு இறங்கும். நனைந்தால் கண் எரியும். கொடியில் மறந்துவிட்ட அம்மாவின் புடவையில் ஊசிக்கண் அளவு ஓட்டைகள் விழும். ஒரு மழைக்காலம் முடிந்தபோது இடது பூதத்துக்குப் பதினான்கு பல். அடுத்ததில் பதினொன்று, மூக்கும் நனைந்த சர்க்கரைபோல மழுங்கியிருந்தது. கருங்கல் தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது திருவிழாவுக்கு வர்ணம் பூச வந்தவர்கள் இதைப் பார்த்தார்கள். ஊர் கூடியது.

"தெனிக்கும் இந்தப் புள்ளதான் மேல ஏறி வாயில கை வுட்டுகினு கீது. என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றாள் பூக்காரம்மா.

கோயில் பொருளைச் சேதப்படுத்தினால் அம்மன் முன் நூற்றெட்டுத் தோப்புக்கரணம். அதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

"நான் ஒடைக்கல. மழைதான் கரைச்சிது" என்றேன்.

"மழை இன்னா பல்லு டாக்டரா?" என்று தர்மகர்த்தா கேட்க, கூட்டம் சிரித்தது.

"அந்தாண்ட பூதத்து வாயிலயும்தான் கை வுட்டேன். அதுக்குப் பதினாறும் அப்டியே கீது. அது நனையல. இது ஃபேக்டரி பொகை மழையில நனையுது."

சிரிப்பு நின்றது. அங்கே முப்பத்தொரு ஆண்கள் இருந்தார்கள். பத்தொன்பது பேருக்கு அந்தத் தொழிற்சாலையில்தான் சம்பளம். அவர்களுக்கு மேலாளான மேஸ்திரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்ல இதான் சொல்லிக் குடுக்கிறியா? நாளைக்கு வேலைக்கு வரணுமா, வாணாமா?"

அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார். "ஒத்துக்கடா கண்ணு. நூத்தியெட்டுதானே."

"மாட்டேன் நைனா. செய்யாததுக்கு எதுக்குப் போடணும்?"

அவர் ஓங்கிய கை இறங்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, அம்மனைப் பார்த்துக் காதைப் பிடித்துக்கொண்டு தானே போட ஆரம்பித்தார். அவர் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைச் சொல்லி, "நான் ஒடைக்கல" என்று கத்தினேன். எழுபத்துமூன்றில் முட்டி மடங்கி, தூணைப் பிடித்தார். நூற்றுநான்கில் தர்மகர்த்தாவே, "போதும்பா, எழுந்திரு" என்றார். "இன்னும் நாலு பாக்கி" என்றேன் நான். அந்த நாலையும் போட்டார். கடைசியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "நான்தாம்மா. மன்னிச்சிடு" என்றார்.

மகனுக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று கூட்டம் உச்சுக்கொட்டியது. மேஸ்திரிக்குப் பயந்து பொய் சொன்னார் என்று நான் பன்னிரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மறுநாள் காலையும் அவர் கரி அள்ளத்தான் போனார், அதையும் பார்த்தேன். அந்த முற்றத்தில் அன்று உண்மை பேசியவன் நான் ஒருவன் மட்டும்தான் என்று, வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.