லீவுக்காகத் தோற்க வந்த பாண்டியன்

இந்த நவராத்திரியில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பெரிய யுத்தம் நடந்தது. எந்தப் பேப்பரிலும் வரவில்லை. சென்ஸார்காரர்கள் தடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். சண்டை நடந்தது கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டில். போர்க்களம், ஹாலில் சேர்த்துப் போட்ட இரண்டு கட்டில்கள். படைகள்... மண் பொம்மைகள்.

சோழ மகாராஜாவாக இருந்தவர் வைத்தியநாதன். ஃபோர்ட் பக்கம் ஒரு ஆபீஸில் சூப்பரின்டெண்ட். ஐம்பதைத் தாண்டியவர். பாண்டிய மகாராஜா, அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருக்கும் கிட்டு. பாலக்காட்டுக்காரன், என் பக்கத்து ஃபிளாட்டில் குடியிருக்கிறான். நான் அம்பயர். பத்திரிகையில் எழுதுகிறவனுக்குச் சரித்திரம் தெரிந்திருக்கும் என்று ஜனங்களுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை!

விஷயம் இப்படி ஆரம்பித்தது. பிளாட்பாரத்துப் பழைய புஸ்தகக் கடையில் சூப்பரின்டெண்டுக்கு ஒரு இங்கிலீஷ் பத்திரிகை கிடைத்தது. சீமையில் சில துரைமார்கள் ஈயச் சிப்பாய்களை மேஜைமேல் பரப்பி, கிரேக்கச் சண்டை, ரோமாபுரிச் சண்டை எல்லாவற்றையும் மறுபடி போட்டுப் பார்க்கிறார்களாம். படத்தோடு போட்டிருந்தது. போதாதா? துரை செய்தால் அது ஹாபி. நம் வீட்டுக் குழந்தை அதையே செய்தால் முதுகில் இரண்டு வைப்போம்.

ஈயச் சிப்பாய்க்கு இப்போது எங்கே போவது? ஈயமெல்லாம் நிஜக் குண்டுக்குப் போய்விட்டது. ஆகவே தாராவியில் குயவர்களிடம் சொல்லி மண்ணில் செய்தார். அவர்கள் பாவம், சட்டி பானை செய்து பழகியவர்கள். சோழச் சிப்பாய், பாண்டியச் சிப்பாய் என்று வித்தியாசம் பாராமல் அத்தனை பேருக்கும் பானை வயிறு வைத்துவிட்டார்கள். சோழனுக்குச் சிவப்பு வர்ணம், பாண்டியனுக்குப் பச்சை.

யானை, குதிரை, தளபதி எல்லாம் தங்களால் ஆகாது என்று குயவர்கள் கையை விரித்தார்கள். அதற்கென்ன, நவராத்திரி வந்துவிட்டதே! அதே ஹாலில் ஒரு ஓரமாக அலமேலு மாமி — சூப்பரின்டெண்டின் சம்சாரம் — கொலு வைத்திருந்தாள். படியிலிருந்து யானைகளும் குதிரைகளும் கட்டிலுக்கு இறங்கின. பாண்டியத் தளபதியாக ஒரு மிருதங்க வித்வான். சோழத் தளபதியாக, அரிசியும் பருப்பும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மை. இந்த ரேஷன் காலத்தில் பம்பாயில் அவ்வளவு அரிசியைப் பகிரங்கமாக வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். தளபதி பதவிக்கு நல்ல தேர்வு.

மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "விளையாடுங்கோ, என்ன வேணா பண்ணுங்கோ. ஆனா என் பொம்மையைப் படுக்க மட்டும் வைக்கப்படாது. கடைசி நாள் ராத்திரி கொலுவை முடிக்கறச்சேதான் அது."

"சரி, சரி" என்றார் சூப்பரின்டெண்ட். ஆபீஸில் மனு கொடுப்பவர்களிடம் சொல்கிற அதே "சரி, சரி".

இவருடைய வீரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். விமானத் தாக்குதல் ஒத்திகைக்கு சைரன் ஊதினால், அந்தக் கட்டிடத்தில் முதலில் கட்டிலுக்கு அடியில் போகிறவர் இவர்தான். ஒத்திகை என்று தெரிந்தும் போவார். குடையைவிடக் கனமான ஆயுதத்தை அந்தக் கை தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமையானால் அதே கட்டிலின் மேலே ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்து, வைகையைத் தாண்டி, மதுரையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே தெருவில் பெண்கள் மண்ணெண்ணெய்க்குக் கியூவில் நின்றுகொண்டிருந்தார்கள். உலகமே தீப்பிடித்து எரிகிறபோது இவருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன் அணைந்துபோன நெருப்பை ஊத வேண்டுமாம்!

சரி, கிறுக்கு. யாருக்குத்தான் கிறுக்கு இல்லை? இவர் மட்டும் விளையாடியிருந்தால் நான் இந்தப் பத்தியை வீணாக்கியிருக்க மாட்டேன். பொம்மைகளோடு சேர்த்து மனிதர்களையும் நகர்த்தினாரே, அங்கேதான் எனக்கு எரிகிறது.

யுத்த காலத்தில் அந்த ஆபீஸில் லீவு என்பது குதிரைக் கொம்பு. சூப்பரின்டெண்ட் சிபாரிசு செய்து கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் தோற்றவனுக்குத் திங்கட்கிழமை கையெழுத்துக் கிடைக்கும். இப்படி ஒரு ரூல் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பியூன் முதல் அத்தனை பேருக்கும் மனப்பாடம். ஆவணியில் ஒரு அப்பாவி தெரியாத்தனமாக ஜெயித்துத் தொலைத்தான். இப்போது அவன் தினமும் ஊருக்கு வெளியே கல்யாண் கோடவுனில் மூட்டை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

கிட்டுவுக்கு லீவு வேண்டும். வீம்புக்கு அல்ல. அவன் மனைவி பிரசவத்துக்குப் பாலக்காடு போயிருக்கிறாள். தலைச்சன் போன வருஷம் தங்கவில்லை. இந்தத் தடவை வயிற்றில் குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். 'நீங்கள் பக்கத்தில் இருந்தால் எனக்குப் பயமில்லை' என்று அவள் எழுதியிருந்தாள். லீவு மனுவோ சூப்பரின்டெண்டின் மேஜையில் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கிடந்தது.

மாடிப்படி ஏறும்போது கிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். "ஸார், இன்னிக்கு எப்படியாவது நான் தோத்துடணும். நீங்கதான் பாத்துக்கணும், கேட்டேளா."

"தோக்கறதுக்கு என்னப்பா கஷ்டம்? ஊர்ல எல்லாரும் சுலபமா செய்யறதுதானே" என்றேன்.

என் அறியாமை!

சண்டையின் விதி சுலபம். இரண்டு படை மோதினால் ஆளுக்கு ஆறு சோழி உருட்ட வேண்டும். யாருக்கு அதிகமாக மல்லாந்து விழுகிறதோ அவனுக்கு ஜெயம். தோற்ற படை அந்த இடத்திலேயே சாயும். மாமியின் பழைய நீலப் புடவை ஒன்று வைகையாக நடுவில் ஓடிக்கொண்டிருந்தது. "ஓய், இது குழந்தை விளையாட்டில்லை. ஸ்ட்ராடஜி!" என்று அடி ஸ்கேலால் கட்டிலைத் தட்டினார் சூப்பரின்டெண்ட். கூட வந்திருந்த ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் "பக்கா ஸார், பக்கா" என்று தலையாட்டினார்கள்.

கிட்டு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தான். அதாவது, தப்புத் தப்பாக. யானைகளைத் தன்னந்தனியாக ஆற்றங்கரையில் கொண்டு நிறுத்தினான். குதிரைகளை வேலையில்லாத ஒரு மூலைக்கு அனுப்பினான். சோழப்படை பாய்ந்தது. சோழி உருட்டினார்கள். சூப்பரின்டெண்டுக்கு இரண்டு. கிட்டுவுக்கு ஐந்து. சிவப்புச் சிப்பாய்கள் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

"அதிர்ஷ்டம்" என்றார் சூப்பரின்டெண்ட்.

யானையை விட்டு மறுபடி மோதினார். மறுபடியும் கிட்டுவுக்கே விழுந்தது. அவன் நெற்றியில் வியர்வை. தோற்க வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டு ஜெயித்த மனிதனை நான் பார்த்ததில்லை.

சூப்பரின்டெண்ட் இப்போது ருஷ்யச் சண்டை மேப்பைப் பேப்பரில் பார்த்துக் கற்றுக்கொண்ட வித்தையை எடுத்தார். குதிரைப்படை முழுவதையும் ஆற்றில் இறக்கி, சுற்றி வளைக்கப் போகிறாராம். கிட்டு என்னைப் பார்த்தான். அம்பயரின் தர்மத்தைக் காற்றில் விட்டேன். "மழை பெய்யறது!" என்று அறிவித்தேன். "பாண்டியன் பக்கம் முழுக்கச் சேறு. யானை நகர முடியாது."

"பேஷ்!" என்றார் சூப்பரின்டெண்ட்.

தலையாட்டிகளில் ஒருவருக்குத் திடீரென்று மூளை வேலை செய்தது. "அரே, மழைன்னா ஆத்துல வெள்ளம் வந்திருக்குமே ஸார்!"

வெள்ளத்தில் தப்பிக்க ஒரு சோழியாவது மல்லாந்து விழ வேண்டும் என்று சூப்பரின்டெண்டே எழுதி வைத்த விதி இருந்தது. உருட்டினார். ஆறும் கவிழ்ந்து படுத்தன. சோழக் குதிரைப்படை மாமியின் புடவையில் மூழ்கிச் செத்தது. யோசனை சொன்னவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவருக்கும் தீபாவளிக்கு லீவு வேண்டியிருந்தது.

சூப்பரின்டெண்டின் முகம் அவர் சிப்பாய்களைவிடச் சிவந்துவிட்டது. ஸ்கேலைக் கீழே வைத்தார். "கிட்டு, உன் லீவு பேப்பர் ஒண்ணு மேஜையில இருக்குன்னு ஞாபகம். அதை நான் இன்னும் பாக்கலை" என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

கிட்டு சோழிகளைக் கீழே வைத்தான். "ஸார், நான் சரணடைஞ்சுடறேன் ஸார்."

"சரணாகதியா? பாண்டியன் சரணடைவானா? மானம் இருக்கா உனக்கு? உருட்டு!"

பாருங்கள் அநியாயத்தை! ஜெயிக்கவும் விடமாட்டார், தோற்கவும் விடமாட்டார். செட்டியார் ஒருவர்தான் பாக்கி. எதிரே மிருதங்க வித்வான். கிட்டு கண்ணை மூடிக்கொண்டு "குருவாயூரப்பா, எப்படியாவது தோக்க வெச்சுடு" என்று வாய்க்குள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. குருவாயூரப்பனுக்கு இப்படி ஒரு வேண்டுதல் புதிது போலும். ஆறு சோழியும் மல்லாந்து சிரித்தன.

பழக்க தோஷம். கிட்டு செட்டியாரை எடுத்து, அரிசி பருப்போடு குப்புறப் படுக்க வைத்தான்.

அந்த நிமிஷம் பார்த்து அலமேலு மாமி சுண்டல் பாத்திரத்தோடு உள்ளேயிருந்து வந்தாள். கட்டிலைப் பார்த்தாள். யானை படுத்திருந்தது, குதிரைகள் படுத்திருந்தன, செட்டியார் படுத்திருந்தார். நவராத்திரியில் அன்றைக்கு மூன்றாவது நாள்.

"ஏன்னா! மூணாம் நாளே என் கொலுவை முடிச்சுட்டேளா?"

சூப்பரின்டெண்ட் ஸ்கேலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"யாரு படுக்க வெச்சது?"

தலையாட்டிகள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கிட்டுவைக் காட்டினார்கள்.

"ஏண்டாப்பா, ஆத்துக்காரி பிரசவத்துக்குப் போயிருக்கா. போன தடவை பட்டது போறாதா? இந்த வேளையில நல்ல நாள்ல பொம்மையைப் படுக்க வெச்சுண்டு இங்க உக்காந்திருக்கியே! நீ அங்கேன்னா இருக்கணும்?"

"லீவு கிடைச்சா போவேன் மாமி" என்றான் கிட்டு.

"யாரு குடுக்கணும்?"

தலையாட்டிகள் சோழிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். நானும்தான். மாமி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, கடைசியில் புருஷன் முகத்தில் வந்து நின்றாள். அதற்குமேல் அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒரு கையெழுத்துக்கா இத்தனை கூத்து?" என்றாள்.

சுண்டலைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரமாக உட்கார்ந்து, படுத்திருந்த பொம்மைகளை ஒவ்வொன்றாக எழுப்பி நிற்க வைத்தாள். தன் பொம்மையோடு நிறுத்தவில்லை. சிவப்பு, பச்சை, பானை வயிறு, அத்தனையையும் எழுப்பினாள். செத்தவர்கள் எல்லோரும் பழையபடி நின்றார்கள். பர்மாவில் அப்படி எழுப்பி நிற்க வைக்க எந்த மாமியும் கிடையாது. எங்கள் கட்டிடத்திலேயே ஒருத்தி, தபால்காரனைக் கண்டால் கால் தளர்ந்து படியில் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளை அந்தப் பக்கம் யுத்தத்தில் இருக்கிறான். இது தெரிந்த மனிதனுக்குச் சண்டை விளையாட மனசு வருமா? எனக்கு அந்த ஸ்கேலை எடுத்து இரண்டாக உடைக்க வேண்டும் போலிருந்தது.

சூப்பரின்டெண்டோ எழுந்து நின்ற தன் படையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"ஓய் அம்பயர்! சோழப் படை முழுசா நிக்கறது பாத்தீரா?"

"பாண்டியன் படையும் நிக்கறதே" என்றேன்.

"இருக்கட்டும். சரணடையறேன்னு சொன்னது யாரு? அவன்தானே! அப்போ ஜெயிச்சது யாரு? சொல்லும்!"

கிட்டு என்னையே பார்த்தான். எழுந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சோழனுக்கு ஜெயம்!" என்று அறிவித்தேன். பச்சைப் பொய். பாலக்காட்டில் ஒருத்தி பயந்துகொண்டு படுத்திருக்கும்போது ஒரு ஜெயம் என்ன, ஒன்பது ஜெயம்கூடக் கொடுத்திருப்பேன். எல்லோரும் கை தட்டினார்கள். பலமாகத் தட்டியவன் பாண்டியன்.

"ராஜா ஜெயிச்சா பரிசு குடுக்கணுமே!" என்று சூப்பரின்டெண்ட் பேனாவைத் திறந்தார். கிட்டு மனுவுக்கு இன்னொரு காப்பி சட்டைப் பையிலேயே வைத்திருந்தான். மாமி சுண்டல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மை காயும்வரை பக்கத்திலேயே நின்றாள். அதற்கப்புறம்தான் யாருக்கும் சுண்டல் கிடைத்தது.

பழைய சண்டைகளில் ஆசை வைக்கிறவர்களை நான் இப்போது கவனிக்கிறேன். 'முன்வரிசையில் ஈட்டி பிடித்தவன் நான்' என்று ஒருவராவது விளையாட உட்காருகிறாரா? எல்லோருக்கும் ராஜா வேஷம்தான் வேண்டும். சாகிறதற்கு மண் பொம்மை இருக்கிறது. மண் பொம்மை போதாவிட்டால் குமாஸ்தா இருக்கிறான்.

கிட்டு மறுநாள் ராத்திரியே போரிபந்தரில் ரயில் ஏறினான். போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் பெண் குழந்தை. கஷ்டமான பிரசவம்தான். தாயும் சேயும் பிழைத்தார்கள். தந்தி வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, ஒளிக்கவில்லை.

சூப்பரின்டெண்டும் சந்தோஷப்பட்டார். ஆபீஸ் முழுக்கக் கூப்பிட்டுச் சொன்னாராம். பாண்டியனைத் தாம் ஜெயித்த ராசியில் பிறந்த குழந்தையாம். அந்த ஜெயத்தின் ஞாபகமாக விஜயலட்சுமி என்று பெயர் வைக்கச் சொல்லிக் கிட்டுவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.

பதில் நேற்று வந்தது. மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு கிங்ஸ் சர்க்கிளில் என்னை நிறுத்திப் படித்தே காட்டிவிட்டார். தங்கள் இஷ்டப்படி விஜயலட்சுமி என்றே பெயர் வைத்தாயிற்று என்று எழுதியிருக்கிறான் கிட்டு.

லீவை இன்னும் பத்து நாள் நீட்டித்துத் தர வேண்டுமாம்.