ஏலப்பாறையில் ஒரு ஜெர்மானியச் சிற்றூர்

பார்த்த ஊரைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை; பாராத ஊரைப் பற்றி உறுதியான குரலில் பேசுவதற்கென்றே ஆசிரியர் என்றொரு பதவியை ஏற்படுத்தியிருக்கிறார்கள். கடலைக் காணாமலே கடலைப் பற்றியும், பாலைவனத்தை மிதியாமலே பாலைவனத்தைப் பற்றியும் பாடம் நடத்திய சக ஆசிரியர்களே, நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளில், கேரளத்து மலையூரான ஏலப்பாறையில் ஒரு கன்னியர் மடத்தில் நான் ஜெர்மன் மொழி கற்பித்தேன். என் சொந்த ஊர் கேரள எல்லையோரத்து எலப்புள்ளி. முதலில் கற்றது தமிழிலக்கணம். பின்னர் கோயம்புத்தூரில் ஒரு ஜெர்மானியக் கன்னியாஸ்திரியிடம் அவருடைய மொழியின் இலக்கணத்தையும் ஐயந்திரிபறக் கற்றேன். ஜெர்மனியை மட்டும் பார்த்ததில்லை. அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் முதியோர் இல்லம் நடத்திய திருச்சபையார், அங்குள்ளவர்களைக் கவனித்துக்கொள்ள இங்கிருந்து பெண்களை அழைத்தார்கள். புறப்படுமுன் அவர்களுக்கு அந்த மொழியையும் அந்த ஊரையும் அறிமுகப்படுத்துவது என் பணி.

மாணவிகளுள் மெர்சியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேயிலைத் தோட்டத்துப் பெண், தந்தை இல்லை. தாய் ஞானம்மாள் கொழுந்து பறிப்பவர். அந்த ஆண்டு முடிவில் அவருக்கு வேலை முடிகிறது. லயம் என்னும் தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். குடும்பத்தில் வேறொருவர் செக்ரோல் என்னும் ஆள்பதிவில் பேர் கொடுத்தால்தான் தொடர்ந்து குடியிருக்கலாம். தங்கை ஸ்டெல்லா பத்தாம் வகுப்பு தேறி, டைப்ரைட்டிங் கற்கக் காத்திருந்தாள். அவள் முதுகில் கூடை ஏறாது என்று தாய் மாதாவின்மேல் ஆணையிட்டிருந்தார். ஆகவே மெர்சி ஜெர்மனிக்குப் போனால் வீடு போகும். வீடு நிற்க வேண்டுமானால் மெர்சி நிற்க வேண்டும். அங்கே முதலாண்டு பயிற்சிக் காலம் என்பதால், பணம் அனுப்பி வேறு வீடு பார்ப்பதும் நடவாத காரியம். இது தீராமலேதான் அவள் நாள்தோறும் வகுப்புக்கு வந்தாள். அவளுடைய கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து என் காலும் ஆடத் தொடங்கியிருந்தது.

ஊருக்குப் பிறந்தநாள்

அந்த ஊரார் தங்கள் ஊர் வரலாற்றைச் சிறு நூலாக அச்சிட்டு மடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். எங்கள் பாடநூல் அதுதான். அட்டையில் மாதாகோயில் கோபுரம். உச்சியில் காற்றுக்கேற்பத் திரும்பும் இரும்புச் சேவல். ஊரின் பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் மாணவிகள் அதைச் சேவலூர் என்றார்கள். பலமுறை திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் நானும் சேவலூர் என்றேன்.

முதற்பாடம் ஊரின் பிறந்தநாள் விழா. பல நூற்றாண்டுகளுக்கு முன், அவ்வூர்க் குடியானவர்கள் ஒரு மடாலயத்துக்குக் கோழிகள் செலுத்தக் கடமைப்பட்டவர்கள் என்று யாரோ எழுதி வைத்தார்கள். ஊரின் பெயர் எழுத்தில் ஏறியது அப்போதுதான். அதையே பிறப்பாகக் கொண்டு, பாண்டு வாத்தியமும் பந்தலுமாக விழா எடுத்திருந்தார்கள். கோழி வரி போட்ட நாளை யாராவது கொண்டாடுவார்களா என்று வகுப்பில் ஒரே சலசலப்பு. மெர்சிக்கு மட்டும் வியப்பில்லை.

"எங்கம்மாவுக்கும் பிறந்தநாள் கிடையாது டீச்சர். ஆபீஸ்ல பேர் பதிஞ்ச நாளுதான். அன்னைக்கு கிளார்க்கு ஆளைப் பாத்து என்ன வயசு போட்டாரோ, அதுதான் வயசு."

சனிக்கிழமைத் துடைப்பம்

சேவலூரில் சனிக்கிழமைதோறும் ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டு முன்புறத் தெருவைத் தம் எல்லை வரையில் கூட்ட வேண்டும். அண்டை வீட்டாரைக் கண்டால் இன்முகத்தோடு வானிலை விசாரிக்க வேண்டும். ஏட்டுப் பாடம் போதாது என்று எண்ணி, மடத்து முற்றத்தில் சுண்ணாம்பால் கோடு கிழித்து, இருபுறமும் துடைப்பத்தோடு இருவரை நிறுத்தினேன். ஒருத்தி மெர்சி. மற்றவள் கிளாரா; என் ஊர்ப்பக்கத்துப் பெண், கொங்குப் பேச்சு.

இருவரும் ஜெர்மனில் வணக்கம் சொல்லி, வானிலை நன்று என்று மொழிந்த கணத்தில் மலைக்காற்று வீசியது. சருகு முழுவதும் கோட்டைத் தாண்டிப் போயிற்று. கிளாரா மிகுந்த மரியாதையோடு, "ஏனுங்க, உங்க எலை எங்கூட்டு வாசலுக்கு வருதுங்களே" என்று திருப்பித் தள்ளினாள். "காத்தடிச்சா நான் என்னட்டி செய்ய? காத்தைப் போய்க் கேளு" என்று மெர்சி மறுபடி தள்ளினாள். பிறகு துடைப்பங்கள் தரையில் படவேயில்லை. மற்ற மாணவிகள் கட்சி பிரிந்து கோட்டின் இருபுறமும் நின்றார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த மடத்துத் தலைவி சிஸ்டர் ஆக்னஸ், மலையாளம் கலந்த தம் தமிழில் நிதானமாகச் சொன்னார்:

"டீச்சரே, பிள்ளைங்க ஜெர்மன் படிச்சோ இல்லையோ, அயல்காரியோடே வழக்கு கூட நல்லாப் படிச்சாச்சு."

ஓராண்டு ராஜா

ஆண்டுக்கொருமுறை அங்கே குறிபார்த்துச் சுடும் விழா உண்டு. மரத்தாலான பறவையைச் சுட்டு வீழ்த்துபவர் அடுத்த ஆண்டு வரை ராஜா. மார்பில் வெள்ளிச் சங்கிலி அணிந்து ஊர்வலம் வருவார். தம் செலவில் ஊருக்கே விருந்தும் வைப்பார். கைகாரர்கள் சிலர் பறவை விழும் தறுவாயில் வேண்டுமென்றே குறி தவறுவதும் உண்டு என்று நூலாசிரியரே எழுதியிருந்தார். கிளாரா கேட்டாள்: "அப்பறம் அந்தச் சங்கிலியாவது அவருக்கே சொந்தமுங்களா, இல்ல அதையுங் கழட்டிக்குவாங்களா?"

தவணைக் கல்லறை

சேவலூர்க் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் நிரந்தர இடமில்லை. குறித்த ஆண்டுகள் கழிந்ததும் குடும்பத்தார் உரிமையைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க ஆளில்லையென்றால் கல்லை அகற்றி, இடத்தை அடுத்தவருக்கு ஒதுக்குவார்கள். முதியோரைக் கவனிக்கப் போகிறவர்கள் இதை அறிந்திருப்பது முறை என்று எண்ணி, ஒழுங்காக விளக்கினேன். வகுப்பு கலங்கிப் போயிற்று. கிளாரா சிலுவை போட்டுக்கொண்டாள். பின்வரிசையில் ஒருத்தி விசும்பவே ஆரம்பித்துவிட்டாள். தகரக் கூரையில் மழை வேறு. என் குரல் எனக்கே கேட்கவில்லை. அப்போது மெர்சி சிரித்தாள். அடக்கச் சொல்லியும் அவளால் அடக்க முடியவில்லை.

"இதுக்குப் போயி அழுதீங்களேட்டி! எங்க லயத்துல உசிரோட இருக்கவங்களையே காலி பண்ணச் சொல்லுதாங்க. அங்க செத்த பொறவுதானே?"

ஞானம்மாளின் கேள்வி

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் ஞானம்மாள் வகுப்புக்கு வந்து கடைசி பெஞ்சில் அமர்ந்தார். மகள் போகப்போகும் ஊரைப் பற்றிக் காதால் கேட்க வேண்டுமாம். அன்றைய பாடம் அவ்வளவு மங்கலமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேவலூரில் உருளைக்கிழங்கு நிலத்திலேயே அழுகிப் பஞ்சம் வந்தது. ஏழைகளுக்கு ஆண்டுதோறும் சோறு போடுவதைவிட ஒரேயடியாகக் கப்பலேற்றிவிடுவது சிக்கனம் என்று ஊர்மன்றம் தீர்மானித்து, குடும்பம் குடும்பமாக அமெரிக்காவுக்கு அனுப்பியது. நான் தமிழில் சொல்லி முடித்ததும், "திருநெல்வேலியிலருந்து எங்க ஆளுகளைக் கங்காணி கூட்டியாந்த மாதிரியில்லா இருக்கு" என்றார் ஞானம்மாள். ஆமென்றேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. இப்போது அங்கே கிழவர்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமற்போனது ஏன் என்று கேட்டார். பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள், வயல் பார்ப்பதற்கே ஆளில்லை, பெற்றவர்கள் இல்லத்தில் இருக்கிறார்கள் என்றேன். சேலைத் தலைப்பை இழுத்து இழுத்துச் செருகிக்கொண்டு, என்னை நேராகப் பார்த்தார்.

"அவங்க பிள்ளைங்க பட்டணம் போயிட்டதால எம்புள்ள அங்க போவுது. சரி, போவட்டும், நாந்தான் போகச் சொன்னேன். எம்புள்ள போனா எனக்கு எந்த ஊர்லருந்து, டீச்சரம்மா, ஆள் வரும்?"

மகள் மேசைமேல் தலையைக் கவிழ்த்திருந்தாள்.

ஊரைக் காணோம்

ஆண்டிறுதிக்குள் பயணத்துக்கான அனுமதி வந்துவிடும் என்றிருந்தோம். சிஸ்டர் ஆக்னஸ் ஒரு நாள் வகுப்பின் நடுவே கட்டுக் காகிதத்தோடு நுழைந்தார். "டீச்சரே, கடலாஸ் எல்லாம் மடங்கி வந்து. ஊரைக் காணோமாம்!" திரும்பி வந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். அந்நாட்டு அரசு சிற்றூர்களைப் பக்கத்து நகரங்களோடு இணைத்துக்கொண்டிருந்தது. சேவலூர் மன்றமும் கலைக்கப்பட்டுவிட்டது. முதியோர் இல்லம் இருக்கிறது, கோபுரம் இருக்கிறது, தெருவும் இருக்கிறது. எங்கள் அழைப்பில் முத்திரை வைத்த ஊராட்சி மட்டும் இல்லை. இல்லாத ஊராட்சியின் முத்திரை செல்லாது. எல்லாம் நகரத்தின் பெயரில் மறுபடி வர வேண்டும். எப்போது வரும் என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

ஊர் எப்படிக் காணாமற்போகும் என்று மாணவிகள் என்னை நச்சரித்தார்கள். எனக்கு முன்பாகக் கிளாரா விளக்கினாள்: "எங்கப்பாரு ராத்திரி மெட்ராஸ் ஸ்டேட்டுல படுத்தாருங்க, காத்தால கேரளாவுல எந்திரிச்சாருங்க. ஊடும் எருமையும் அதே எடத்துலதானுங்க நின்னுச்சு."

பேர் பதியும் நாள்

அதன்பின் எங்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. தபால் கொண்டுவரும் பேருந்தின் ஒலி வளைவில் கேட்டதும் வகுப்பு முழுவதும் சன்னலுக்குத் திரும்பும், நானும் திரும்பினேன். இந்த அணி புறப்பட்டதும் எலப்புள்ளிக்குத் திரும்பிவிடுவது என்பது என் ஏற்பாடு. பெட்டியைக் கட்டுவேன், மறுநாள் ஒரு சேலை வேண்டியிருக்கும், அவிழ்ப்பேன். திருத்திய பயிற்சித் தாள்களையே மீண்டும் திருத்தினேன்.

மெர்சியின் நிலையோ ஒவ்வொரு நாளும் மோசமாயிற்று. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமையோடு புதுப் பேர் பதிவது முடிகிறது என்று தோட்ட அலுவலகத்தார் சொல்லிவிட்டார்கள். அவள் பேர் பதிந்த பிறகு அனுமதி வந்தால், வீட்டை இழக்காமல் போக முடியாது. பதியாமலிருந்து அனுமதியும் வராவிட்டால், வீடும் இல்லை, நாடும் இல்லை. அந்தச் சனிக்கிழமை நண்பகல் பேருந்து வந்தது, எங்களுக்கு ஒன்றுமில்லை. மெர்சி எழுந்தாள், அனுமதி கேளாமல் வெளியே நடந்தாள். பாடத்தின் நடுவில் வகுப்பை விட்டு வெளியேறியிராத நான், அன்று அவள் பின்னால் ஓடினேன்.

அலுவலகச் சன்னலின்முன் ஸ்டெல்லா தாயின் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். மெர்சி கூடையைப் பற்றி இழுத்தாள். "விடுட்டி! நீ டைப்பு படிக்கப் போற." "நீ விடுக்கா! நாளைக்கே உனக்குக் கடுதாசி வந்தா என்ன செய்வ?" "வராதுட்டி. அந்த ஊரே இல்லையாம்." "ஊரு இல்லன்னா என்ன, கெழவிங்க இருக்காங்கல்ல?" கூடையின் பிரம்பு முறியும் ஒலி கேட்டது. படியில் உட்கார்ந்திருந்த ஞானம்மாள் இரு மகள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "யாராவது ஒருத்தி பேரைச் சொல்லுங்கம்மா, சன்னலைச் சாத்தணும்" என்றார் கிளார்க். ஸ்டெல்லா தன் பேரைச் சொன்னாள். தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். பதிவு முடிந்ததும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். அவள் கண்களில் நீர் இல்லை, சினம்தான் இருந்தது.

"அக்கா போவட்டும், வீட்டை நான் பாத்துக்கிடுதேன். ஆனா டீச்சர், தெனமும் கூடையை எறக்கி வச்சதும் நான் மடத்துக்கு வருவேன், எனக்கும் அந்தப் பாஷையைச் சொல்லித் தரணும். ஊருக்குப் போறேன், பெட்டி கட்டிட்டேன்னு சொன்னீங்களோ, இப்பவே போயி இந்தப் பேரை அடிக்கச் சொல்லிருவேன்!"

தவக்காலத்தின் நடுவில் காகிதம் வந்தது. மெர்சியும் கிளாராவும் மற்ற மாணவிகளோடு கொச்சிக்குப் பேருந்து ஏறினார்கள். அன்று மாலையே ஸ்டெல்லா, விரல்களில் கொழுந்துக் கறையோடு, முதற்பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

ஓர் ஊரை இல்லையென்று ஆக்க அவர்களுடைய அரசுக்கு ஓர் ஆணை போதுமாயிருந்தது. லயத்து வீடு ஒன்றை உண்டென்று நிறுத்தவோ, ஒரு தாயின் ஆணையும் ஒரு தங்கையின் டைப்ரைட்டிங்கும் எலப்புள்ளிக்கு நான் திரும்பவிருந்த பயணமும் ஆகிய மூன்றும் செலவாகிப்போயின.