அக்காவுக்காகத் திரும்பி வந்த பிள்ளைகள்

அக்கா திட்டக்குடியில் பிறந்தார். சில ஆண்டுகள் கழித்து நானும் பிறந்தேன். குழந்தை மருத்துவராகும் ஆசை தமக்கு அன்றே வந்ததாகவும், என்னை நன்றாகப் பார்த்த பிறகும் அதைக் கைவிடாததுதான் சாதனை என்றும் சொல்வார். விருத்தாசலத்தில் அப்பா வேலை பார்த்த பீங்கான் சூளை அணைந்து கிடந்த மாதங்களிலும் அக்காவின் படிப்பு நிற்கவில்லை. சென்னையில் பட்டம் பெற்று, விருத்தாசலத்துக்கே பச்சிளங்குழந்தை மருத்துவராகத் திரும்பினார்.

பிறந்த குழந்தையின் உடல் நோயை எதிர்க்க எப்படிப் பழகுகிறது என்பதே அக்காவின் ஆராய்ச்சி. விளங்கவில்லை என்றேன்.

“பொறந்த புள்ளைக்கு எதிர்ப்பு சக்தி இல்லன்னு நெனைக்கிறோம்டா. இருக்குது. புது வூட்டுக்கு வந்திருக்குல்ல, எவன் சொந்தம், எவன் திருடன்னு தெரியறவரைக்கும் கைய ஓங்காம பாத்துக்கிட்டு இருக்குது. ஒன்ன மாதிரி பேந்தப் பேந்த முழிக்கல.”

பிறந்தவுடன் தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுப்பார். அதே பிள்ளைக்கு ஒரு வயதிலும் மூன்று வயதிலும் மறுபடி எடுக்க வேண்டும். அதற்குள் தாய்மார்கள் புகுந்த வீடு போய்விடுவார்கள். பிள்ளைகள் திரும்பி வராவிட்டால் அத்தனை உழைப்பும் வீண். தேடிப்போகும் பொறுப்பு, ஸ்கூட்டர் வைத்திருந்த குற்றத்துக்காக, எனக்கு வந்தது.

ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஒரு வீட்டில் மாமியார் வாசலிலேயே மறித்தார். “நல்லா இருக்குற புள்ளைக்கு எதுக்குங்க ரத்தம் எடுக்கணும்? கதை எழுதுறவருன்னு சொன்னாங்க, நீங்க கொசு வேல பாக்குறீங்களே?”

மறுநாள் அக்காவே என் பின்னால் ஏறி வந்தார். ஆராய்ச்சியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “காது குத்து எப்பம்மா?” என்றார்.

“வர்ற மாசம். மாமன் மடியில ஒக்கார வெச்சிக் குத்தணும். மருமவளுக்குக் கூடப் பொறந்தவன் இல்லியே டாக்டரம்மா, அதான் ரோசன.”

“இதோ நிக்கிறானே என் தம்பி. இவன் மடி சும்மாதானே இருக்குது? காது குத்தும்போது புள்ள எப்படியும் அழுவும். அதுலயே நான் ரத்தத்த எடுத்துக்கறேன். அதுக்குன்னு தனியா ஒரு அழுவ எதுக்கு?”

உள்ளிருந்து மருமகள் சிரித்தபடி தலையாட்டினார். மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மூஞ்சி சுமார்தான். பரவால்ல” என்றார்.

அதன்பின் உடன்பிறந்தவன் இல்லாத தாய்மார்களுக்கெல்லாம் நான் அண்ணன். வேப்பூர் வரைக்கும் பிள்ளைகள் நனைக்காத வேட்டி என்னிடம் இல்லை.

சிறுநீரகம் கைவிட்ட கடைசி நாட்களில் அக்காவுக்குத் தம் உடம்பைப் பற்றிக் கவலை இல்லை. “மூணு வயசுல காது குத்து கெடையாதேடா. எதச் சொல்லிக் கூப்புடுவ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியோடேயே கண்ணை மூடினார்.

கருமாதி முடிந்து, அக்காவின் உதவி மருத்துவர் ஆஸ்பத்திரியைத் திறந்த காலையில், வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றார்கள். நான் யாரையும் அழைக்கவில்லை. ஸ்ரீமுஷ்ணத்து மாமியார் முன்னால் வந்தார். “துக்கம் கேக்க வந்தோம். புள்ளைக்கு மூணு வயசு ஆச்சு, ரத்தத்த எடுத்துடுங்க.”

அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஆராய்ச்சியை இன்றும் தொடரும் அந்த மருத்துவருக்கும், உடனிருந்த உறவினருக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஸ்ரீமுஷ்ணத்து அம்மாவுக்கு அன்றே நேரில் சொல்லப் பார்த்தேன், அதட்டிவிட்டார்.

“சம்மந்திக்குள்ள என்னாங்க நன்றி? வந்தவங்களுக்கு டீ சொல்லுங்க.”