கைப்பைக்கு ஒரு இருக்கை

அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வலியசாலைத் தெரு முழுவதும் ஜப்பானைப் பார்த்தது. பார்த்தது சித்தியின் கைபேசியில். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, என் அம்மா போட்ட காபியைக் குடித்துக்கொண்டு. சித்தியும் அவள் மகளும் ஒசாகாவிலிருந்து வந்திருந்தார்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது, பத்து. சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.

வீடியோ மொத்தம் ஏழு நிமிடம், எதிரில் உட்கார்ந்து சித்தி எடுத்தது. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றில் கண்ணாடிக் கூரை போட்ட தட்டையான படகு போகிறது. ஜன்னலோரத்தில் அவள், மஞ்சள் தொப்பியுடன். ஓரிடத்தில் பாலம் மிகவும் தாழ்வு. அது வந்ததும் படகின் கூரை அப்படியே கீழே இறங்குகிறது. உள்ளே இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிகிறார்கள். அந்த இடம் வரும்போதெல்லாம் எங்கள் கூடமும் சேர்ந்து குனிந்தது. எதிர்வீட்டு மாமா குனிந்த வேகத்தில் காபியை வேஷ்டியில் கொட்டிக்கொண்டார்.

எனக்கு வயிறு எரிந்தது. நான் அதுவரை எந்தப் படகிலும் ஏறியதில்லை. போதாக்குறைக்கு, அவளுக்குப் பக்கத்து இருக்கையில் சித்தியின் கைப்பை ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. ஸ்கூல் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு போகிறேன். அங்கே கைப்பைக்குக்கூடத் தனி இருக்கை! அவளைவிட அந்தப் பையைப் பார்த்துத்தான் அதிகம் பொறாமைப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அப்பா ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் வேளிப் படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடலோரக் காயலில் காலால் மிதித்து ஓட்டும் படகு. பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு அப்பா மூச்சு வாங்க மிதித்ததில் எனக்கு மானம் போயிற்று. கூரை இறங்குகிற படகில் போனவளுக்குக் காட்டுகிற படகா இது? கரையோரம் தாழ்ந்து கிடந்த தென்னை மட்டை ஒன்றின் அடியில் போகும்போது அப்பா, "பாலம் வரது, பாலம்! குனிங்கோ!" என்று கத்தினார். அவள் குனிந்தாள். சிரித்துச் சிரித்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வேண்டுமென்றே குனியவில்லை. மட்டை என் தலையைக் கலைத்துவிட்டது.

"இன்னொரு ரவுண்டு, பெரியப்பா!" என்றாள். மூன்று ரவுண்டு போனோம். ஜப்பான்தான் கிடைத்துவிட்டதே, இவளுக்கு என் அப்பாவும் எதற்கு என்று வழியெல்லாம் அவளையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவளுக்குக் காய்ச்சல்.

அம்மா யோசிக்கவேயில்லை. "தெருவே வந்து பாத்துட்டுப் போயிருக்கு. திருஷ்டியாக்கும்," என்றாள். அவளைக் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, கல் உப்பையும் மிளகாய் வற்றலையும் கையில் மூடி மூன்று தரம் சுற்றி, தேங்காய்ச் சிரட்டை நெருப்பில் போட்டாள். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றோம். மிளகாய் கருகியது, நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பட்டது நிச்சயம் என்பது எங்கள் வீட்டுக் கணிப்பு.

"பாத்தியோ? ஒரு தும்மல்கூட இல்லை. எந்தப் பாவியோட கண்ணோ!" என்று அம்மா விரல்களை நெரித்தாள்.

பாவி அம்மாவின் முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். நான் மெல்ல அடுக்களைப் பக்கம் நழுவினேன்.

மத்தியானம் பெரியவர்கள் கண்ணயர்ந்த நேரம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நானாக்கும் கண்ணு வெச்சது. அம்மாட்ட சொல்லிடாதே, கேட்டியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். "பரவால்லை. நானும் உன்மேல வெச்சேன்."

"என்மேலயா? எதுக்கு?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என்னிடம் கண் வைக்க என்ன இருக்கிறது? செயின் கழலும் ஒரு பழைய சைக்கிள். கேலி செய்கிறாள் என்று முடிவு செய்தேன். இருந்தாலும் ஒரு வாரம் தினமும் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. சித்தப்பாவுக்கும் லீவு கிடைக்கவேயில்லை. அவள் என் வகுப்பில் சேர்ந்து, ஸ்கூல் பஸ்ஸில் என் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தாள். ஜப்பான் போச்சு, நன்றாக வேண்டும் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். இதை எழுத இப்போது கூசுகிறது.

போன வருடம் அவள் கல்யாணத்துக்காகப் பழைய படங்களைத் தேடியபோது அந்த வீடியோ கிடைத்தது. முதல் முறையாக, கூட்டம் இல்லாமல், தனியாக உட்கார்ந்து பார்த்தேன். படகு கிளம்புவதற்கு முன் ஒரு ஜப்பானியக் கிழவர் அந்தக் காலி இருக்கையைக் கைகாட்டிக் கேட்கிறார். கைப்பையை எடுக்கச் சித்தியின் கை நீள்கிறது.

"எடுக்காதேம்மா. அப்பா வரேன்னு சொல்லிருக்கா," என்கிறது அவள் குரல்.

படகு கிளம்புகிறது. பாலம் வருகிறது, எல்லோரும் குனிகிறார்கள். அவள் குனிந்தபடியே ஒரு கையால் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த விடுமுறையில் அதை நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்ததெல்லாம் ஜப்பானைத்தான்.